குழாய்க்குள் பாம்புக்காது

ஆரோக்கியமான தலை ஒன்று வேண்டும் என்று இன்ஜினியர் கேட்டதுதான் தாமதம், "என் தலையை எடுத்துக்குங்க சார்" என்று முந்திக்கொண்டான் பாம்புக்காது.

சீஃப் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "அவர் கேட்டது மூளையோட இருக்கிற தலை."

"காலியா இருந்தா படம் இன்னும் சுத்தமா வரும் சார்."

கன்ட்ரோல் அறை சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வலது கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்த எம்.ஆர்.ஐ. பிரிவுக்கு நோயாளிகள் யாரும் வரவில்லை. வர வேண்டாம் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. மெஷினுக்குப் புது சாஃப்ட்வேர் ஏற்றியிருந்தார் கம்பெனி இன்ஜினியர். அப்படி ஏற்றி முடித்ததும் முதலில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருண்டையைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். அது சரியாக வந்தால் அடுத்தது உயிருள்ள மனிதர். நோயாளியை வைத்து ஒத்திகை பார்க்க முடியாது என்பதால் அந்தப் பாக்கியம் ஊழியர்களில் ஒருவருக்கு. ஆள் பிடிப்பதற்குள் சீஃபுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஒருத்தனுக்கு ஜலதோஷம் இருக்கும், ஒருத்தனுக்குக் குளிர் ஆகாது, இன்னொருத்தி போன தடவையே நான்தானே படுத்தேன் என்று சண்டைக்கு வருவாள்.

இன்று கேட்டவுடனே ஆள் கிடைத்ததில் சீஃபுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

பாம்புக்காது என்பது பிரிவில் வைத்த பட்டப்பெயர். மெஷின் போடுகிற சத்தத்தை வைத்தே உள்ளே என்ன படம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவான். வராந்தாவில் முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடிக்கும்போதே, "டிஃப்யூஷன் ஆரம்பிச்சிடுச்சு, நான் வரேன்" என்று கப்பை வைத்துவிட்டு எழுந்து போவான். பாம்புக்குக் காதே கிடையாது என்று, படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மா ஒரு நாள் விளக்கம் கொடுத்துப் பார்த்தார். அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இன்றைக்கு அவனுக்கு வேண்டியிருந்தது காது இல்லை, கண். தன் மண்டைக்குள்ளே, தானே, யாருக்கும் தெரியாமல் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட வேண்டும்.

வலது கை அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்திக் கொஞ்ச நாளாகியிருந்தது. முதலில் சட்டைப் பித்தான் மக்கர் செய்தது. அப்புறம் பூட்டுக்குள் போக மறுத்த சாவி. விரல் நுனிகளில் எப்போதும் கையுறை போட்டிருப்பது போல ஒரு மரமரப்பு. நோயாளிக்கு மருந்து ஏற்ற ஊசி குத்தப்போய், கண்ணெதிரே கயிறு மாதிரி தெரிந்த நரம்பைத் தவறவிட்டான். "உங்க நரம்பு நழுவுதும்மா" என்று அந்த அம்மாள் மீதே பழியைப் போட்டுவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டான்.

வீட்டில் குழந்தையை இடது கையால் மட்டும் தூக்க ஆரம்பித்து, பிறகு தூக்குவதையே தவிர்த்தான்.

"பெத்துக்கிட்டா மட்டும் போதுமா? தூக்கவும் செய்யணும்" என்று மனைவி குத்திக்காட்டினாள்.

"முதுகு வலிக்குது."

"சோம்பேறித்தனத்துக்கு முதுகு ஒண்ணுதான் பாக்கியா இருந்துச்சு."

அவன் வாயை மூடிக்கொண்டான். காரணம், ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

அந்த வாத்தியார் கொஞ்ச காலம் முன்பு இதே மெஷினில் படுத்தவர். "கையில சாக்பீஸ் நிக்க மாட்டேங்குதுப்பா" என்று சிரித்தபடி வந்தார். கன்ட்ரோலில் இருந்தவன் பாம்புக்காதுதான். மூளையின் இடது பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று உட்கார்ந்திருந்ததை உலகத்திலேயே முதலில் பார்த்தவன் அவன். பட்டியலில் இல்லாத டிஃப்யூஷன் என்ற கூடுதல் படத்தையும் சேர்த்தான். டாக்டரம்மாவைக் கூப்பிட்டான். அவர் வந்து ஸ்பெக்ட்ராஸ்கோப்பியும் எடுக்கச் சொன்னார். அது வேறு மாதிரிப் பரிசோதனை. சந்தேகப்படும் இடத்தின் மேல் திரையில் ஒரு சின்னப் பெட்டி வரைந்து, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சதையில் என்னென்ன ரசாயனம் என்று மெஷினைக் கேட்பது. நல்ல தலைக்கு யாரும் பெட்டி வரைவதில்லை.

அவ்வளவு நேரமும் மைக்கில் அவன், "இன்னும் கொஞ்ச நேரம்தாங்க, நல்லா ஒத்துழைக்கிறீங்க" என்று தேன் ஒழுகப் பேசிக்கொண்டிருந்தான். அதுதான் தொழில். படம் எடுப்பவன் வாயிலிருந்து முடிவு வரக்கூடாது, முகத்திலிருந்தும் வரக்கூடாது.

வாத்தியார் இப்போது இல்லை.

ஆக, பாம்புக்காதின் திட்டம் இதுதான். ஒத்திகைப் படத்துக்குப் பெயர் கிடையாது, ஃபைல் கிடையாது, ரிப்போர்ட் கிடையாது. சரிபார்த்ததும் அழித்துவிடுவார்கள். கன்ட்ரோலில் சீஃப் உட்காருவார், உட்கார்ந்த கையோடு போனில் மூழ்கிவிடுவார். எழுந்து வந்து "குவாலிட்டி எப்படி இருக்குன்னு பார்க்கிறேன் சார்" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டால் தீர்ந்தது. ஒன்றும் இல்லையென்றால் சந்தோஷம். இருந்தால், அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். அதுவரை வீட்டில் யாருக்கும் தூக்கம் கெட வேண்டாம்.

நல்ல திட்டம்தான். உடைமாற்றும் அறையிலிருந்து கவுனைக் கட்டிக்கொண்டு அவன் வெளியே வந்தபோது கன்ட்ரோல் நாற்காலியில் மிலிட்டரி உட்கார்ந்திருந்தாள்.

மிலிட்டரி என்பதும் பட்டப்பெயர்தான். பக்கத்து சி.டி. ஸ்கேன் அறைக்கு அவள்தான் பொறுப்பு. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் நோயாளிகள் இழுத்துப் பிடிப்பார்கள். விடச் சொல்ல மறந்தால் விடமாட்டார்கள் என்பது பிரிவில் நிலவும் நகைச்சுவை. பாம்புக்காதின் மனைவியும் அவளே.

"நீ எங்க இங்க?" என்றான்.

"எனக்கு வரவேண்டிய பேஷன்ட் வரல. சீஃப் கொஞ்சம் உட்காருமான்னாரு. ஏன், உன் மண்டைக்குள்ள நான் பார்க்கக்கூடாத ஆள் யாராவது இருக்காங்களா?"

"ஒரே ஒரு ஆள்தான். அதுவும் கத்திக்கிட்டே இருக்கும்."

இன்ஜினியர் சிரித்தார். சீஃப் போனைக் காதில் வைத்தபடி வராந்தாவுக்கு நழுவினார். பின்வாங்க இனி வழியில்லை. முந்திக்கொண்டு வந்தவன் திடீரென்று மாட்டேன் என்றால் மிலிட்டரி மெஷின் இல்லாமலேயே அவனை ஸ்கேன் பண்ணிவிடுவாள்.

"உடம்புல இரும்பு ஏதாவது இருக்கா? பேஸ்மேக்கர்? கண்ணுல உலோகத்தூள்?" எல்லோரிடமும் கேட்பதை அவனிடமும் கேட்டாள்.

"கல்யாண மோதிரம். அப்பவே கழட்டிட்டேன்."

"அதுக்குன்னே காத்துக்கிட்டு இருந்த மாதிரி."

மேஜையில் படுத்தான். காதில் பஞ்சு அடைப்பான் வைத்தாள். தலையைச் சுற்றிக் கூண்டு மாதிரி இருக்கும் காயிலை மாட்டினாள். கண்ணுக்கு மேலே சாய்த்து வைத்த சின்னக் கண்ணாடியில் கன்ட்ரோல் அறையின் ஜன்னல் தெரிந்தது. கடைசியாக ரப்பர் பந்தை எடுத்து அவன் வலது கையில் வைத்து விரல்களை மூடினாள். உள்ளே இருப்பவருக்கு ஏதாவது என்றால் பந்தை அழுத்த வேண்டும், வெளியே மணி அடிக்கும், உடனே நிறுத்துவார்கள்.

பந்தை இடது கைக்கு மாற்றினால் ஏன் என்று கேட்பாள். போகட்டும், இதை எதற்கு அழுத்தப் போகிறோம் என்று விட்டுவிட்டான்.

மேஜை உள்ளே நகர்ந்தது. குழாயின் கூரை மூக்குக்கு மேலே வந்து நின்றது.

"யோவ், கேக்குதா?" என்றது ஸ்பீக்கர்.

"கேக்குது மேடம்."

"ஆடாம கிட. வீட்டுல கிடக்கிற மாதிரியே."

முதலில் சின்னதாக ஒரு கிர்ர். படம் எங்கிருந்து எங்கே என்று அளவு பார்க்கும் ஓட்டம். அடுத்து டக்-டக்-டக் என்று கதவைத் தட்டுவது போல. டி-டூ வகைப் படம். அதன் பிறகு அதைவிடக் கனமாக, பம்பு செட் மாதிரி ஒரு தாளம். டி-ஒன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மனசுக்குள் டிக் அடித்தான். ஒத்திகை என்றால் இவ்வளவுதான். எத்தனையோ தடவை அவனே எடுத்திருக்கிறான்.

சத்தம் நின்றது. மேஜை நகரவில்லை.

கண்ணைத் திறந்தான். சாய்வுக் கண்ணாடியில், ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கூடுதலாக ஓர் உருவம். டாக்டரம்மா. ஞாயிற்றுக்கிழமை வராத டாக்டரம்மா.

அவரை யார் கூப்பிட்டார்கள்?

ட்ர்ர்ர்ர்ர்ர்ர்! துளைபோடும் மெஷினைத் தலைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தியது போல் குழாய் அலறியது. மேஜையே அதிர்ந்தது. டிஃப்யூஷன். ஒத்திகைப் பட்டியலில் அது கிடையாது.

கண்ணாடியில் டாக்டரம்மா திரையை நோக்கிக் குனிந்தார். ஒரு விரல் நீண்டு எதையோ சுட்டியது. மிலிட்டரி எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

அவள் அழுது அவன் பார்த்ததில்லை. பிரசவ அறையில்கூட நர்ஸை அதட்டிக்கொண்டிருந்தவள்.

அலறல் ஓய்ந்தது. ஸ்பீக்கர் கரகரத்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்தாங்க. அசையாம இருங்க. நல்லா ஒத்துழைக்கிறீங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. இந்தக் குரல் அவனுக்குத் தெரியும். வாத்தியாரிடம் அவன் பேசிய அதே குரல்.

அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தான். அது மட்டும் வரக்கூடாது, வேறு எது வேண்டுமானாலும் வரட்டும். முதலில் பொடிப்பொடியாகச் சில தட்டல்கள், மெஷின் தன்னைச் சுருதி சேர்த்துக்கொள்வது போல. பிறகு ஆரம்பித்தது. டொக். இடைவெளி. டொக். இடைவெளி. அவசரமே இல்லாத, சொட்டுச்சொட்டான சத்தம்.

பெட்டி வரைந்துவிட்டார்கள்.

எங்கே வரைந்திருப்பார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இடது பக்கம், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வலது கைக்கு உத்தரவு போடுகிற இடம். அவள் கையாலேயே வரைந்திருப்பாள். மவுஸைப் பிடித்து, நான்கு மூலையையும் இழுத்து, நேராக்கி. வேலையில் அவளுக்குக் கோணல் பிடிக்காது.

போதும் என்று நினைத்தான். வெளியே போக வேண்டும். இதை அவள் இப்படித் தெரிந்துகொள்ளக்கூடாது.

பந்தை அழுத்தினான்.

டொக். இடைவெளி. டொக்.

மறுபடி அழுத்தினான். முழங்கை வரை முறுக்கி அழுத்தினான். கண்ணாடியில் ஒரு தலைகூட நிமிரவில்லை. மணி அடித்தால் நிறுத்த வேண்டும் என்பது இந்தப் பிரிவின் முதல் விதி. புதிதாக வருகிற எல்லோருக்கும் அவன் தானே சொல்லிக்கொடுக்கும் விதி. அதையும் மீறி ஓட்டுகிறார்கள் என்றால் உள்ளே இருப்பது சாதாரணமானது இல்லை. அடிக்கட்டும் பாவம், முடித்துவிடலாம் என்று கல்லாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

சத்தம் தானாக நின்றது. மேஜை வெளியே நகர்ந்தது.

மிலிட்டரி வந்து காயிலைக் கழற்றினாள். அவள் கண் ஓரத்தில் ஈரம் இருந்தது.

"எவ்ளோ பெருசு?" என்றான் பாம்புக்காது.

"எது?"

"என்கிட்ட நடிக்காத. நான் வாத்தியார் இல்ல. டிஃப்யூஷன் போட்டீங்க, டாக்டரம்மாவை வரவழைச்சீங்க, பெட்டி வரைஞ்சீங்க. எவ்ளோ பெருசுன்னு மட்டும் சொல்லு."

மிலிட்டரி அவனை ஒரு தினுசாகப் பார்த்தாள். "டாக்டரம்மா புது சாஃப்ட்வேர்ல படம் எப்படி வருதுன்னு பார்க்க வந்தாங்க. எல்லா டைப்பும் ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கன்னு இன்ஜினியர்கிட்ட அவங்கதான் சொன்னாங்க. பெட்டியை அவர் எங்கயோ நடுவுல வச்சாரு. உன் மூளை சுத்தமா இருக்கு. துடைச்சு வச்ச மாதிரி."

"அப்புறம் நீ ஏன் அழுத?"

"நானா? உன் மூக்குத்தண்டு உள்ள வளைஞ்சு கிடக்கு. 'இதான் உங்க வீட்டுக் குறட்டை'ன்னு டாக்டரம்மா விரல் வச்சுக் காட்டினாங்க. சிரிப்பை அடக்க முடியல."

"வாங்க போங்கன்னு பேசினியே!"

"கம்பெனிக்காரரும் டாக்டரம்மாவும் பக்கத்துல நிக்கும்போது உன்னை யோவ்னு கூப்பிடச் சொல்றியா? எனக்கும் ஒரு மரியாதை இருக்குல்ல. சத்தத்தை வச்சு என்ன படம்னு சொல்லலாம், படத்துல என்ன இருக்குன்னு சொல்லுவியோ? பெரிய பாம்புக்காது."

அவனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் வாய் தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் சொல்லிவிட்டது.

"அப்ப மணி அடிச்சும் ஏன் நிறுத்தல?"

"யார் அடிச்சா?"

"நான்தான். அத்தனை தடவை அழுத்தினேனே."

"மணி அடிக்கவே இல்லையே."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தார்கள். ரப்பர் பந்து அவன் இடுப்புக்குப் பக்கத்தில், மேஜை விரிப்பின் மேல் கிடந்தது. அவனுடைய வலது கை, பந்து இன்னும் உள்ளே இருப்பதாக நினைத்துக்கொண்டு அரைகுறையாக மடங்கியிருந்தது.

மிலிட்டரி பந்தை எடுத்துத் தானே ஒரு முறை அழுத்தினாள். கன்ட்ரோல் அறையில் மணி அடித்தது. இன்ஜினியர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

அவள் பந்தை வைத்துவிட்டுத் தன் இரண்டு விரல்களை அவன் உள்ளங்கைக்குள் நுழைத்தாள்.

"அமுக்கு."

அமுக்கினான்.

"அமுக்குன்னு சொன்னேன்."

"அமுக்கிட்டுதான் இருக்கேன்."

மிலிட்டரி விரல்களை உருவிக்கொள்ளவில்லை. திரும்பி ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "டாக்டர், ஒரு நிமிஷம் உள்ள வரீங்களா?"

டாக்டரம்மா வந்தார். கேள்விகள் கேட்டார். மிலிட்டரி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததால் பாம்புக்காது பாதிதான் சொன்னான். பித்தான், சாவி. "மிச்சத்தையும் சொல்லு" என்றாள் மிலிட்டரி. நரம்பைத் தவறவிட்டது, குழந்தை, இரண்டையும் சொன்னான். குழந்தை என்றதும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கால் எப்படி? நடக்கும்போது?"

"மாடிப்படி இறங்கும்போது கொஞ்சம் தடுமாறும். செருப்பு சரியில்லைன்னு நினைச்சேன்."

"ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சா முதுகு வழியா கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குமா?"

பாம்புக்காது அவரை நிமிர்ந்து பார்த்தான். இருந்தது. முதுகுத்தண்டு நெடுக ஒரு சொடுக்கு, குதிகால் வரைக்கும். வயசாகிறது என்று விட்டிருந்தான்.

டாக்டரம்மா அவன் வலது கையைத் தூக்கிப் பிடித்து, நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டார். யாரும் தொடாத கட்டைவிரல் வெடுக்கென்று உள்பக்கம் மடங்கியது. இன்னொரு முறை சுண்டினார். மறுபடி மடங்கியது.

"நாள் முழுக்க மண்டையையே பார்த்து உங்களுக்கு வேற எதுவும் தோணல. உங்க தலையில கோளாறு இல்ல. கழுத்தைப் பார்க்கணும். இப்பவே."

"இப்ப வேண்டாம் டாக்டர், நாளைக்கு..."

"படு" என்றாள் மிலிட்டரி.

இந்தத் தடவை அது ஒத்திகை இல்லை. நோயாளி என்று பதிவு போட்டாக வேண்டும். கன்ட்ரோல் அறையில் மிலிட்டரி அவன் பெயரை முழுசாக அடித்தாள். உறவினர் என்ற இடத்தில் தன் நம்பரை அடித்தாள். ஸ்பீக்கரில், "வயசைக் குறைச்சுப் போடவா?" என்றாள். குரல் ஒழுங்காக இல்லை.

"உள்ளதைப் போடு."

"இப்பவாவது உள்ளதைச் சொல்ற."

ரப்பர் பந்து இப்போது அவன் இடது கையில் இருந்தது.

மெஷின் ஆரம்பித்தது. ஒவ்வொரு சத்தமும் அவனுக்குப் பழக்கம்தான். கழுத்தைப் பக்கவாட்டில் வெட்டியது போல் எடுக்கும் படம். குறுக்காக, துண்டுதுண்டாக எடுக்கும் படம். எது ஓடுகிறது என்று தெரிந்தது. அதற்கு மேல் அவன் கணக்குப் போடவில்லை. போட்ட ஒரே கணக்கும் தப்பாகப் போயிருந்தது. கண்ணாடியில் ஜன்னலைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

முடிந்ததும் அவனை எழுந்து நிற்க விடவில்லை. சீஃபும் இன்ஜினியரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, விரிப்போடு சேர்த்துத் தூக்கி ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். டாக்டரம்மா கழுத்துக்கு ஒரு பட்டையைப் போட்டு இறுக்கினார். பிறகு ஸ்ட்ரெச்சரைக் கன்ட்ரோல் அறைக்குள் தள்ளி, தலைப்பக்கத்தை உயர்த்தி, திரையை அவன் பக்கம் திருப்பினார்.

"மத்தவங்களுக்குன்னா நான் ரிப்போர்ட்லதான் சொல்லுவேன். உங்களுக்குப் படம் பார்க்கத் தெரியும். பாருங்க."

பார்த்தான். கருப்பு வெள்ளையில் அவனுடைய கழுத்து. முள்ளெலும்புகள் அடுக்கி வைத்த கட்டைகள் மாதிரி ஒன்றன் மேல் ஒன்று. பின்னால் தண்டுவடம், மூளையிலிருந்து இறங்கும் ஒரு சாம்பல் நிறக் கயிறு. பாதி தூரம் நேராக வந்த கயிறு ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. இரண்டு எலும்புக்கு நடுவே இருக்க வேண்டிய டிஸ்க், பின்பக்கமாகப் பிதுங்கி வந்து அதை நெரித்துக்கொண்டிருந்தது. நசுங்கிய இடத்தில் கயிற்றுக்குள்ளேயே மங்கலாக ஒரு வெள்ளைத் திட்டு.

அந்த வெள்ளைக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும்: தண்டுவடமே சேதமாகத் தொடங்கிவிட்டது. எத்தனையோ பேருடைய கழுத்தில் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, "முடிஞ்சுதுங்க, மெதுவா எழுந்திருங்க" என்று சொல்லியிருக்கிறான்.

"போன பலம் திரும்பி வருமா டாக்டர்?"

"இதுக்கு மேல போகாம நிறுத்தறதுதான் முதல் வேலை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா, எங்கயாவது வழுக்கி விழுந்திருந்தா..." டாக்டரம்மா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "திரும்பி வரும்னு உங்களுக்கு நான் சத்தியம் பண்ண முடியாது. நிறைய பேருக்கு ஓரளவு வந்திருக்கு."

அவர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு நியூரோ சர்ஜனைப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. குரல் உயர்ந்தது, தாழ்ந்தது, மறுபடி உயர்ந்தது. திரும்பி வந்தபோது முடிவோடு வந்தார்.

"சாயங்காலம் வந்து பார்க்கிறாராம். நாளைக்குக் காலையில ஆபரேஷன். அதுவரைக்கும் கழுத்தைத் திருப்பக்கூடாது, எழுந்து நடக்கக்கூடாது. மேல வார்டுல சேர்ந்துடுங்க."

"நாளைக்கேவா? வீட்டுல ஏற்பாடு..." என்று பாம்புக்காது ஆரம்பித்தான்.

"சரிங்க டாக்டர்" என்றாள் மிலிட்டரி.

வார்டிலிருந்து ஆள் வரும்வரை ஸ்ட்ரெச்சரை நோயாளிகள் காத்திருக்கும் சின்ன அறையில் நிறுத்தினார்கள். சீஃப் ஏதோ ஆறுதல் சொல்ல முயன்று, "நல்லவேளை, நீயா வந்து படுத்தப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

கழுத்துப்பட்டை திரும்ப விடாததால் பாம்புக்காதுக்கு விட்டம் மட்டும்தான் தெரிந்தது. மிலிட்டரி எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"எத்தனை நாளா?" என்றது அவள் குரல். காலடிப் பக்கத்திலிருந்து.

"கொஞ்ச நாளா."

"எத்தனை நாளா?"

"குழந்தைக்கு முதல் பல் முளைச்சுதே, அப்பத்திலேருந்து."

அவள் அதைக் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"தினமும் உன்னைத் திட்டிக்கிட்டே இருந்திருக்கேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ பயந்துடுவன்னு..."

"யாரு, நானா பயப்படுவேன்? நீதான் பயந்த. பயந்துகிட்டு, பேர் இல்லாத படம் எடுத்து, நீயே பார்த்து, நீயே அழிச்சிடலாம்னு இருந்திருக்க. மண்டையில நிஜமாவே ஏதாவது இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப? அதையும் முதுகு வலின்னு சொல்லியிருப்பியா?"

அப்படித்தான் சொல்லியிருப்பான் என்பது இரண்டு பேருக்குமே தெரிந்தது.

"நாளைக்கு உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி சர்ஜன் சொல்றது எல்லாத்தையும் எனக்கு முன்னாடிதான் சொல்லணும்" என்றாள். "நல்லது கெட்டது எல்லாம். நீ தனியா கேட்டு வடிகட்டி எனக்குச் சொல்ற வேலை வேண்டாம்."

"சரி."

"கை வராமலே போகலாம்னு சொன்னாக்கூட."

"சரின்னு சொல்றேன்ல."

செருப்புச் சத்தம் அவனை நெருங்கி வந்தது. போனில் எண்களைத் தட்டும் ஒலி. மணி போய்க்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். அவள் அம்மா. குழந்தை அழுவது போனுக்குள்ளிருந்து லேசாகக் கேட்டது. காலையில் அங்கேதான் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"அம்மா... ஆமா, வேலையிலதான் இருக்கேன். இல்ல, வர லேட்டாகும். ரெண்டு மூணு நாளைக்குப் பாப்பா அங்கயே இருக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான். அவரா? அவர் நல்லாத்தான் இருக்காரு. இங்கதான்... பக்கத்துல..."

பேச்சு நின்றது. பாம்புக்காது விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனுக்குள் அவன் மாமியார் என்னடி, என்னடி என்று கேட்பது தெளிவாகக் கேட்டது.

"இல்லம்மா" என்றாள் மிலிட்டரி. "பொய் சொல்றேன். அவர் நல்லா இல்ல. கழுத்துல ஆபரேஷன், நாளைக்குக் காலையில. எனக்குப் பயமா இருக்கு. பாப்பாவைத் தூக்கிட்டு நீ இங்க வா."